முதலில் இரண்டு புள்ளி, அப்புறம் ரவை: உச்சிப்புளி வீட்டுத் தொட்டியில் ஒரு பவுடர் ப்ளூ சர்ஜன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சஸ்பென்ஸ் எதற்கு. பவுடர் ப்ளூ சர்ஜன் என்ற கடல்மீன் வெள்ளைப்புள்ளி நோயிலிருந்து பிழைத்துக்கொண்டது. ஆனால் இப்போது என் வீட்டில் இல்லை. நடுவில் பிளென்னி என்ற சின்ன மீன் ஒன்று செத்தது, என் வலது கையில் ஒரு வெட்டு விழுந்தது, மீனே இல்லாத தொட்டிக்கு 76 நாள் கரண்ட் பில் கட்டினேன், வீட்டில் வாங்கிய பேச்சு தனிக்கணக்கு. இதில் எது என் தவறு, எது மீனின் இயல்பு, கடலோரத்தில் இருப்பதால் வந்த வினை எது என்று நாள்குறிப்பை வைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

வீடு உச்சிப்புளி. வடக்கே வண்டியை விட்டால் அரியமான், தெற்கே விட்டால் புதுமடம். பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்பதெல்லாம் புத்தகத்தில்தான், எங்களுக்கு வடகடல், தென்கடல். கச்சான் காற்றில் தென்கடல் கொந்தளித்தால் வடகடல் குளம்போலக் கிடக்கும், வாடையில் அப்படியே தலைகீழ். சென்னை நண்பர்கள் பாக்கெட் உப்பைக் கிலோக் கணக்கில் வாங்கிக் கரைத்துக்கொண்டிருக்க, நமக்கு ஏதாவது ஒரு கடலில் எப்போதும் தெளிந்த தண்ணீர் உண்டு, கேனைத் தூக்கிக்கொண்டு போனால் வேலை முடிந்தது என்ற மிதப்பு எனக்கு இருந்தது. இரண்டு வருடம் அப்படியே ஓடியும் விட்டது.

தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், கணக்குக்கு 450 லிட்டர். கீழே வடிகட்டிகள் வைக்கும் சம்ப் என்ற சிறு தொட்டி, அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், இன்வெர்ட்டரில் ஒரு அலை மோட்டார். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, வெப்பம் 26.5 டிகிரி, பி.எச். 8.1, நைட்ரேட் 10. கற்கள் எல்லாம் சிமெண்டில் நானே வார்த்தவை. இதைச் சொல்லக் காரணம், கடலோரத்துக்காரன் என்றதும் எல்லோரும் கேட்பது "கடல்ல இருந்து கல்லு எடுத்துப் போட்டியா?" என்பதுதான். எடுக்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் 2001-இலிருந்து இருக்கின்றன, இங்கே 21 தீவுகளைச் சுற்றி 1986-இலிருந்து கடல் தேசியப் பூங்காவும் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய செத்த பவளம்தானே என்று பையில் போட்டுக்கொண்டு வருவதும் வம்புதான். என் தொட்டியில் கடையில் வாங்கிய மென்பவளம் கொஞ்சம், இரண்டு கோமாளி மீன், ஒரு பிளென்னி, ஒரு இறால், ஏழெட்டு நத்தை. கோமாளி இரண்டும் பண்ணையில் பொரித்த குஞ்சுகள். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்களே கோமாளிகளைப் பொரிக்க வைத்துக் காட்டியவர்கள்தான், அதனால் இந்தப் பக்கம் அது அதிசயமில்லை.

சர்ஜன் அப்படியில்லை. டேங் என்று அழைக்கப்படும் சர்ஜன் குடும்பத்து மீன்களில் மஞ்சள் நிறத்ததை 2015-இல் ஹவாயிலும், நீல நிறத்ததை 2016-இல் ஃபுளோரிடாவிலும் முட்டையிலிருந்து வளர்த்துவிட்டார்கள், ஆனால் கடையில் நமக்குக் கிடைக்கும் பவுடர் ப்ளூ கடலில் பிடித்ததுதான். அக்காந்துரஸ் லூக்கோஸ்டெர்னான், இந்துமாக்கடல் மீன். உடம்பு முழுக்க அந்த வெளிர் நீலம், முதுகில் மஞ்சள் துடுப்பு, கறுத்த முகம், தொண்டையில் வெள்ளைப் பட்டை. வாலுக்குச் சற்று முன்னால் இருபுறமும் ஒரு பள்ளத்தில் மடங்கிக் கிடக்கும் கத்தி, சர்ஜன் என்ற பெயரே அதனால்தான். பொதுவாக 9 அங்குலம் வரை வளரும், பாறையெங்கும் பாசி மேய்ந்துகொண்டே நாளெல்லாம் நீந்தும். 6 அடிக்குக் குறைந்த தொட்டியில் வைக்காதே என்று படித்திருந்தேன். நாலு அங்குலக் குட்டிதானே, பெரிதானால் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எல்லோரும் சொல்லிக்கொள்வதுதான்.

பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை, சென்னையிலிருந்து இரவுப் பேருந்துப் பார்சலில் வந்தது. விலை 4,500 ரூபாய். அந்த நாளை நாள் 1 என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் தவறு பையைத் திறந்ததிலேயே. பன்னிரண்டு மணி நேரம் பைக்குள் கிடந்த மீன் மூச்சுவிட்டு விட்டுத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், கழிவால் அம்மோனியா ஏறியிருக்கும். பி.எச். குறைவாக இருக்கும்வரை அந்த அம்மோனியா பெரிதாகக் கடிக்காது. பையைத் திறந்து காற்றுப் பட்டதும் பி.எச். ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். நான் திறந்து வைத்து ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டேன், ரொம்பப் பொறுமைசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டு. பை மூடியிருக்கும்போதே வெப்பத்தைச் சமப்படுத்திவிட்டு, உப்பளவை அளந்து, அதே உப்பளவுத் தண்ணீரைத் தயாராக வைத்து, திறந்ததும் மீனை மட்டும் எடுத்து அதில் விட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு, நேராகப் பெரிய தொட்டியில் விட்டது. இதைப் பற்றிக் கீழே நிறைய வரும்.

நாள் 2 முழுக்கக் கண்ணாடியில் தெரிந்த தன் நிழலோடு சண்டை, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓட்டம். குச்சித் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாள் 3-இல் கஞ்சிப்பாசி என்ற கடற்பாசி கொண்டுவந்தேன். பாசி எடுக்கும் அக்கா ஒருவர் ஒரு கை அள்ளிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியில் ஒட்டியதும் பையன் பாய்ந்தான் பாருங்கள், பத்து நிமிடத்தில் காம்புதான் மிச்சம். வெளிநாட்டுக்காரர்கள் டேங் மீனுக்கென்று காசு கொடுத்து வாங்கிப் போடும் கிராசிலேரியா என்ற கடற்பாசிக்கு உறவுதான் நம் கஞ்சிப்பாசி. நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளுக்கு நான் அதற்கப்புறம் செலவு செய்யவே இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் கடல்தொழில் செய்கிறவர். வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஓரா மாதிரி இருக்கு, இதக் காசு குடுத்தா வாங்குன?" என்றார். ஓரா வேறு குடும்பம் அண்ணே, அதற்கு முள்ளில் விஷம், இதற்கு வாலில் கத்தி என்று விளக்கினேன். "கத்தியா, அப்ப சரி" என்று போய்விட்டார். கூடு போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்கு ஓராவும் கிளிமீனும் பழகிய சரக்கு, அந்தக் கண்ணுக்கு இது விலை ஏற்றிய ஓராதான்.

நாள் 5 காலையில் மார்புத் துடுப்பில் இரண்டு வெள்ளைப் புள்ளி. பூண்டைத் தட்டிச் சாறு பிழிந்து பாசியில் தடவிக் கொடுத்தேன். நாள் 7-இல் புள்ளியைக் காணோம். பூண்டு வேலை செய்துவிட்டது என்று மூன்று பேருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் போன்களை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

புள்ளி போனதன் அர்த்தம் வேறு. கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணிதான் அந்த வெள்ளைப் புள்ளி. மீனின் தோலுக்கடியில் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் தின்று பருக்கும், பிறகு தானே உதிர்ந்து மணலிலோ கல்லிலோ ஒட்டி, மேலே ஓடு கட்டிக்கொண்டு உள்ளே பிரியும். ஒரு கூட்டிலிருந்து இருநூறு குஞ்சுகள்கூட வரலாம். அவை வெளியே வந்து ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவு. பெரும்பாலும் இருட்டில், விடிவதற்கு முன்னால்தான் வரும், கல்லிடுக்கில் மீன் அசையாமல் தூங்கும் நேரம். ஆக நாள் 7-இல் போனது நோய் இல்லை, அடுத்த தலைமுறைக்கு முட்டை வைக்கப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் 8-இல் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போன கரண்ட் மாலை 4 மணிக்குத்தான் வந்தது. சில்லர் நின்று தண்ணீர் 29 டிகிரிக்கு ஏறியது. இதனால்தான் நோய் வந்தது என்று சொல்ல மாட்டேன், ஏற்கெனவே தளர்ந்திருந்த மீனுக்கு இன்னொரு அடி, அவ்வளவுதான்.

நாள் 10 காலையில் விளக்கைப் போட்டபோது மீன்மேல் யாரோ ரவையைத் தூவியது போல இருந்தது. எண்ண முடியாது. கோமாளிகள் மேலும் அங்கங்கே புள்ளி. சர்ஜன் மேல்நீரில், அலை மோட்டாருக்கு முன்னால் நின்று வேகமாக மூச்சு வாங்கியது. பாசியைப் பார்த்தது, தொடவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டியது முக்கியம், ஏனென்றால் இதே தோற்றத்தில் வெல்வெட் என்று இன்னொரு ஆள் உண்டு, அமைலூடினியம். அது ரவை மாதிரி இருக்காது, கோதுமை மாவைத் தொட்டுப் பூசியது போல மெல்லிய தூசியாக, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பொன்னிறமாகத் தெரியும், அது வந்தால் நாள்கணக்கில் இல்லை, மணிக்கணக்கில் மீன் போகும். இரண்டுக்கும் மருத்துவம் ஒன்றில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், தனித்தனிப் புள்ளி, ரவைப் பருமன், முதல் புள்ளியிலிருந்து ஐந்து நாள் மீன் தாக்குப்பிடித்திருக்கிறது. கிரிப்டோ என்று முடிவு செய்தேன். நல்லவேளை சரியாக இருந்தது.

இருந்த வழிகள் மூன்று. தாமிர மருந்து, உப்பளவைப் பாதிக்குக் கீழே இறக்கி அடர்த்தி 1.009-இல் மூன்று நான்கு வாரம் வைப்பது, அல்லது தொட்டி மாற்றும் முறை. முதல் இரண்டையும் பவளம், இறால், நத்தை இருக்கும் தொட்டியில் செய்யவே முடியாது, மீனைத் தனியே எடுத்துத்தான் செய்ய வேண்டும். தாமிரத்தில் அளவு கொஞ்சம் குறைந்தால் பலனில்லை, கொஞ்சம் ஏறினால் மீன் காலி, நம்பி அளக்கத் தாமிரச் சோதனைப் பெட்டி என்னிடம் இல்லை. தொட்டி மாற்றும் முறைக்கு மருந்தே வேண்டாம், தண்ணீர்தான் வேண்டும், ஏராளமாக. உப்புக் கரைத்துச் செய்கிறவர்கள் இதற்கு அஞ்சுவதே அதனால்தான். எனக்குத் தேவைப்பட்ட 600 லிட்டருக்கு உப்பு வாங்கியிருந்தால் 20 கிலோவுக்கு மேல் ஆகியிருக்கும். இரண்டு வருடமாக நான் பீற்றிக்கொண்ட கடல் உண்மையிலேயே பயன்பட்ட இடம் இதுதான்.

ஆனால் கேனில் மொண்டு அப்படியே ஊற்றும் பழைய வேலை இதற்கு ஆகாது. மீனை ஒட்டுண்ணியிடமிருந்து பிரிக்கப் போகிறோம், சுத்தம் செய்யாத பச்சைக் கடல்நீரில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது. இறால் பொரிப்பகங்களில் செய்வதைச் செய்தேன். துணியில் வடிகட்டி நீல டிரம்மில் நிரப்பி, பிளீச்சிங் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காற்று விட்டு, மிச்சக் குளோரினை ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) போட்டு எடுத்து, சோதனைச் சொட்டில் நிறம் வருவது நிற்கும் வரைக்கும் மீன் பக்கம் கொண்டுபோகவில்லை. வாடைக்கால மழை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, வங்கக்கடல் தண்ணீர் இறங்கி வரும் நேரம், வடகடல் தண்ணீர் என் மானியில் 29 காட்டியது. எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு 30 என்று வைத்துக்கொண்டேன். மீனுக்கு உப்பு இறங்குவது பிரச்சினையில்லை, ஏறுவதுதான் மெதுவாக நடக்க வேண்டும்.

நாள் 11, பிடிக்கும் படலம். பாதிக் கல்லை வெளியே எடுத்துத்தான் நாலு மீனையும் பிடிக்க முடிந்தது. சர்ஜனை வலையில் பிடித்தேன், அதுவும் தவறு. வால்கத்தி வலையில் சிக்கிக்கொண்டது, விடுவிக்கப் போன என் உள்ளங்கையில் ஒன்றரை அங்குலம் கீறிவிட்டது, பிளேடு பட்டது போலத்தான், முதலில் வலிக்கவே இல்லை. அடுத்த முறையிலிருந்து ஐஸ்கிரீம் டப்பாதான், தண்ணீருக்குள் டப்பாவை வைத்து மீனை அதற்குள் ஒதுக்கி மூடித் தூக்குவது. பிளென்னி நாள் 12-இல் செத்தது. செவுளுக்குள் எவ்வளவு இருந்ததோ, வெளியே அதன் மேல் நாலு புள்ளிகூட இல்லை.

முறையின் கணக்கு எளிது. மீன்மேல் இருப்பது ஏழு நாளுக்குள் எப்படியும் உதிர்ந்தாக வேண்டும். உதிர்ந்தது குஞ்சு விடக் குறைந்தது மூன்று நாள் ஆகும். 72 மணி நேரம் முடிவதற்குள் மீனை மட்டும் புதுத்தொட்டிக்கு மாற்றினால், உதிர்ந்ததெல்லாம் பழைய தொட்டியிலேயே அனாதையாகக் கிடக்கும். இரண்டு 100 லிட்டர் டப், இரண்டு செட் காற்றுக்குழாய், இரண்டு டப்பா. நாள் 11, 14, 17, 20, ஒவ்வொரு முறையும் காலை 6 மணிக்கு. காலி செய்த டப்பைக் கழுவி, வெயிலில் எலும்பு போலக் காய வைத்து அடுத்த முறைக்கு எடுப்பது. மாற்றும்போது பழைய தண்ணீர் கூடவே போகக் கூடாது, கை ஈரம்கூட. அம்மோனியாவுக்குப் பயந்து தீனியைக் குறைத்தேன், ஆனாலும் பாசி மட்டும் நிறுத்தவில்லை. நாள் 15-இல் மறுபடி பாசியைக் கடித்தது. நாள் 17-இல் புள்ளி இல்லை. நாள் 23-இல் கடைசியாக 200 லிட்டர் டிரம்முக்கு மாற்றினேன்.

அந்த டிரம்முக்கு வடிகட்டி வேண்டுமே என்று பெரிய தொட்டியின் சம்பிலிருந்து பாக்டீரியா ஏறிய ஸ்பாஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன். டிரம் வரைக்கும் போய்விட்டேன். அந்த ஸ்பாஞ்சில் என்ன ஒட்டியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு நாள் உழைப்பை ஒரு ஸ்பாஞ்சில் கவிழ்த்திருப்பேன். புதுப் பீங்கான் வளையங்களில் தனியாகப் பாக்டீரியா வளர்த்துப் போட்டேன், அதுவரை தினமும் தண்ணீர் மாற்றினேன். உப்பையும் ஒரு வாரத்தில் மெதுவாக 35-க்கு ஏற்றினேன்.

சரி, நோய் எங்கிருந்து வந்தது? சந்தேகப் பட்டியலில் மூன்று பேர்: பச்சைக் கடல்நீர், கஞ்சிப்பாசி, மீனேதான். பக்கத்து அண்ணன் கேட்டார், "கடல்ல கெடந்த மீனுக்குக் கடத்தண்ணி ஒத்துக்கலையா?" நியாயமான கேள்விதான். இரண்டு வருடம் அதே கடல்நீர் ஊற்றியும் கோமாளிகளுக்கு ஒரு புள்ளி வந்ததில்லை. பாசியில் ஓடு கட்டிய கூடு ஒட்டி வந்திருக்கலாம், ஆனால் பாசி உள்ளே போனது நாள் 3, போகும் முன் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறியும் இருந்தது, புள்ளி நாள் 5-இலேயே கண்ணுக்குத் தெரிகிற பருமனில் வந்துவிட்டது. முழுக்க விடுவிக்கவில்லை, அதற்கப்புறம் பாசியைக் காயவைத்தே கொடுத்தேன். மீன்மேல்தான் சந்தேகம் அதிகம். விற்றவரிடம் பின்னால் போனில் பேசியபோது, தங்கள் தொட்டிகளில் எப்போதும் கொஞ்சம் மருந்து ஓடிக்கொண்டே இருக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார். எந்த மருந்து, எவ்வளவு என்பது அவருக்கே தெரியவில்லை. தாமிரமாக இருந்தால், அரைகுறை அளவு நோயைக் கொல்லாது, அடக்கி மட்டும் வைக்கும். மருந்தில்லாத என் தண்ணீருக்கு வந்த நான்காம் ஐந்தாம் நாள் தலைகாட்டுவது கணக்குக்குப் பொருந்துகிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தனியாக ஒரு டப்பில் ஒரு மாதம் வைத்திருந்தால் இத்தனையும் அந்த டப்போடு முடிந்திருக்கும், அந்த டப்பின் விலை 600 ரூபாய்.

பெரிய தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் வைத்தேன். ஓடு கட்டிய கூடு 72 நாள் கழித்தும் குஞ்சு விட்டதாகப் பதிவு உண்டு, அதன் மேல் நாலு நாள் சேர்த்த கணக்கு. குளிர்ந்த தண்ணீரில்தான் அவ்வளவு இழுக்கும், நம் வெப்பத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு, இருக்கலாம், இன்னொரு முறை கல்லை வெளியே எடுக்க எனக்குத் தெம்பில்லை. இறாலும் நத்தையும் அங்கேயே இருந்தன, ஒட்டுண்ணி அவற்றைத் தின்று வாழ முடியாது. புதிதாக எதையும் ஈரத்தோடு உள்ளே விடவில்லை. கடைசி வாரங்களில் பங்குனி வெயில் வந்துவிட்டது, சில்லர் நிற்காமல் ஓடியது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளம் வெளுத்தது வெயில் கால வெப்பத்தால்தான், கடலுக்கே தாங்காதது 450 லிட்டருக்கு எப்படித் தாங்கும்.

நாள் 87-இல் மீனைத் திரும்ப விட்டேன். மூன்று மாதம் ஒரு புள்ளி இல்லை. நீலம் முழுக்கத் திரும்பியது, ஒட்டிப் போயிருந்த வயிறு நிரம்பியது. நோயைப் பொறுத்தவரை இங்கே முடித்திருக்கலாம்.

ஆனால் ஆடி மாதத்தில் அது ஐந்தரை அங்குலம். காலையில் விளக்கு வந்ததிலிருந்து அணையும் வரை நாலடிக்கு நாலடி நடை, மூலையில் வந்து சட்டென்று திரும்பும்போது வால் கண்ணாடியில் தட்டும். கோமாளியில் பெரியது ஒரு நாள் பக்கவாட்டில் நேர்க்கோட்டில் ஒரு கீறலோடு நின்றது, யார் வேலை என்று கேட்க வேண்டியதில்லை. என் கையில் இருந்த தழும்பும் அதே நேர்க்கோடு. பெரிதானால் பார்த்துக்கொள்ளலாம் என்றேனே, பெரிதாகிவிட்டது. ஆறடித் தொட்டிக்கு என் வீட்டில் சுவரும் இல்லை, சம்மதமும் இல்லை.

மதுரையில் ஒரு நண்பரிடம் எட்டடித் தொட்டி இருக்கிறது. ஐஸ்கிரீம் டப்பாவில் பிடித்து, பையில் ஆக்சிஜன் நிரப்பி, விடிகாலையிலேயே காரில் கொண்டுபோனேன். ஏழு மாதம் என்னிடம் இருந்த மீன், நோயை முழுக்கத் தீர்த்தது என்று நாள்குறிப்பையே காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "எல்லாம் சரிதான், ஆனா நான் முப்பது நாள் தனியா வச்சுத்தான் விடுவேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. அந்த முப்பது நாளுக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென்கடல் கலங்கிக் கிடந்தது, அரியமானில் எட்டு கேன் பிடித்து, பிளீச்சிங் போட்டு, ஹைப்போ போட்டு, சொட்டில் நிறம் வரவில்லை என்று பார்த்துவிட்டு அனுப்பி வைத்தேன்.